அந்த மூன்று நிமிடத்தைத் திருப்பிக் கொடுங்கள்

ஜூலை 1 அன்று பொறுப்பேற்கும் நம் கிளப்பின் தலைவர், துணைத் தலைவர்கள், செயலாளர், பொருளாளர், அரங்க ஏற்பாட்டையும் வரவேற்பையும் கவனிக்கும் சார்ஜண்ட் அட் ஆர்ம்ஸ் அனைவருக்கும் வணக்கம்.

கோவையில் மேடையில் பேசிப் பழகுவதற்கான இந்த டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில் நான் ஒன்பது வருடமாக உறுப்பினர். நீங்கள் ஏழு பேரும் எனக்கு வேண்டியவர்கள். உங்களில் மூன்று பேர் என் கண் முன்னால் முதல் பேச்சுப் பேசியவர்கள். இதை வாட்ஸ்அப் குழுவில் நாலு வரியாகப் போட்டிருக்கலாம். ஆனால் வேறு ஊர் கிளப்களில் இருக்கும் நண்பர்களிடம் பேசியபோது அவர்களும் ஏறக்குறைய இதையே சொன்னார்கள். அதனால்தான் திறந்த மடலாக எழுதுகிறேன். நம் கிளப்பின் பெயரை எங்கும் எழுதவில்லை. யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இதை எழுதவும் இல்லை.

மார்ச் மாத முதல் சனிக்கிழமைக் கூட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஐந்தரைக்குத் தொடங்க வேண்டியது ஐந்தே முக்காலுக்குத் தொடங்கியது. அன்று ஒரு சிறப்பு விருந்தினர் வந்திருந்தார். நல்ல மனிதர், அவர் மேல் எந்தக் குறையும் இல்லை. அவரைப் பற்றிய அறிமுகத்தை ஒருவர் வாசித்தார். இன்னொருவர் பொன்னாடை போர்த்தினார். நினைவுப் பரிசை மூன்றாமவர் கொடுத்தார். போட்டோ சரியாக விழவில்லை என்று பொன்னாடையை எடுத்து மறுபடி போர்த்தினோம். பிறகு முன்னாள் தலைவர்கள் மூன்று பேர் ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசினார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்தேன். 22 நிமிடம்.

அதற்கப்புறம்தான் அந்தத் தம்பி பேச வந்தார். பம்ப் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவர். ஜனவரியில் சேர்ந்தார். அது அவருடைய ஐஸ் பிரேக்கர், அதாவது தன்னைப் பற்றி நான்கிலிருந்து ஆறு நிமிடம் பேச வேண்டிய முதல் பேச்சு. ஒரு நோட்டுத் தாளை எட்டாக மடித்துக் கைக்குள் வைத்திருந்தார். வியர்வையில் மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. மேடையில் அதை அவர் பிரிக்கவே இல்லை.

அப்பாவின் சைக்கிள் கடையைப் பற்றிப் பேசினார். பஞ்சர் எங்கே என்று பார்க்க ட்யூபைத் தண்ணீரில் அமுக்கும்போது குமிழி வரும் இடத்தை விரலால் பிடித்துக்கொள்வதுதான் சின்ன வயதில் அவர் வேலையாம். இன்று தொழிற்சாலையில் பம்பின் உடல் பாகத்துக்குக் காற்று ஏற்றி, தண்ணீரில் முக்கி, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார். "இப்பவும் நான் குமிழியத்தான் தேடிட்டிருக்கேன்" என்றார். முன் வரிசை சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. பின் வரிசைகளுக்கு அது கேட்கவே இல்லை. அவரும் அங்கே ஒரு கணம் நிற்காமல் அடுத்த விஷயத்துக்கு ஓடிவிட்டார். அன்றைய கூட்டத்திலேயே ஆகச் சிறந்த வாக்கியம் அது. அது அவருக்குத் தெரியவில்லை.

பேச்சைக் கவனித்த ஒருவர் எழுந்து நிறைகுறை சொல்கிற மதிப்பீட்டுக்கு வரும்போது மணி 6:53. பள்ளி வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு கதவருகே வந்து நின்றுவிட்டார். ஏழு மணிக்கு அரங்கத்தை ஒப்படைக்க வேண்டும். மதிப்பீட்டாளரிடம், "ஒரு நிமிஷத்துக்குள்ள முடிச்சிடுங்க சார்" என்று சொன்னோம். அவர் இரண்டு பக்கம் நிறையக் குறிப்பு எடுத்து வைத்திருந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த நான் பார்த்தேன். ஆனால் மேடையில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "முதல் பேச்சு மாதிரியே தெரியல தம்பி. சூப்பர். கீப் இட் அப்." கைதட்டினோம். மொத்தம் 35 வினாடி.

அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தம்பி வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் வரவில்லை. ஏப்ரலில் சந்தாவைப் புதுப்பிக்கவும் இல்லை. மனசு கேட்காமல் ஒரு நாள் போன் செய்தேன். வருத்தமா என்று கேட்டேன்.

"வருத்தமெல்லாம் ஒண்ணும் இல்லீங்கக்கா. எல்லாரும் நல்லாருக்குன்னாங்க. நல்லா இல்லைன்னு எனக்கே தெரியுதுங்களே. எதை மாத்தணும்னு யாரும் சொல்லல. அப்புறம் எதுக்குங்க பணம் கட்டுறதுன்னு விட்டுட்டேன்."

அவரிடம் சொல்ல எனக்குப் பதில் இல்லை. தலைமையகத்துக்குப் போகிற சந்தா மட்டுமே ஆறு மாதத்துக்கு 60 டாலர். நம் பணத்தில் ஐயாயிரத்தைத் தொடும். புதிதாகச் சேர்கிறவர் அதற்கு மேல் 20 டாலர் கட்டுகிறார். பணம் கட்டி, இரண்டு மாதம் காத்திருந்து, வியர்வையில் தாள் நனைய மேடை ஏறிய ஒருவருக்கு நாம் கொடுத்தது 35 வினாடி.

நம் ஊரில் பேசுவதற்கு மேடைக்குப் பஞ்சமே இல்லை. பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி, கல்லூரியில் ஆண்டு விழா, கோயில் திருவிழாவில் பட்டிமன்றம், கல்யாண மண்டபத்தில் வாழ்த்துரை என்று எங்கே போனாலும் மைக் இருக்கிறது. கைதட்டலும் கிடைக்கும். கிடைக்காத ஒன்று உண்டு. நாம் பேசுவதை முதலிலிருந்து கடைசி வரை கவனித்துக் கேட்டு, எது நன்றாக இருந்தது, எது எட்டவில்லை, அடுத்த முறை எதை மாற்றலாம் என்று நம் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள். பேச்சுப் போட்டியில் நடுவர் மார்க் போடுவார், ஆனால் எதற்குக் குறைத்தார் என்று சொல்ல மாட்டார். பட்டிமன்றத்தில் நடுவர் தீர்ப்பு சொல்வார், அது தலைப்புக்கான தீர்ப்பு. அப்படி ஓர் ஆள் கிடைப்பார் என்பதற்காகத்தான் நான் இங்கே வந்தேன். நீங்களும் அதற்காகத்தான் வந்தீர்கள்.

இந்த அமைப்பு எப்படித் தொடங்கியது என்பதை உங்களில் பலர் மேடையில் சொல்லியிருக்கிறீர்கள். ரால்ஃப் ஸ்மெட்லி 1905இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து புளூமிங்டன் நகரில் ஒய்.எம்.சி.ஏ. என்ற இளைஞர் அமைப்பில் வேலை பார்த்தார். அங்கே வரும் இளைஞர்களுக்குப் பேசவும், கூட்டம் நடத்தவும், பொறுப்பு எடுத்துச் செய்யவும் பயிற்சி தேவைப்படுகிறது என்று கண்டார். விருந்து முடிந்து எழுந்து பேசும் நிகழ்ச்சி மாதிரி ஒன்றை அமைத்தார். டோஸ்ட்மாஸ்டர் என்ற பெயர் வந்தது அப்படித்தான். ஆளுக்கு ஒரு முறை தலைமை, ஆளுக்கு ஒரு பேச்சு, பேச்சு முடிந்ததும் கேட்டவர்கள் கருத்துச் சொல்வது. பேராசிரியர் கிடையாது. ஒருவரையொருவர் கேட்டே எல்லோரும் தேறினார்கள்.

இந்தக் கதையில் நாம் அவ்வளவாகச் சொல்லாத பகுதி ஒன்று இருக்கிறது. ஸ்மெட்லி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனதும் அவர் விட்டுவந்த குழுக்கள் சோர்ந்து போயின. அவர் இருந்தவரை நடந்தது, அவர் போனதும் படுத்துவிட்டது. பல வருடம் கழித்து, கலிபோர்னியாவின் சாண்டா அனா நகரில் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அடித்தளத்தில் 1924 அக்டோபர் 22 அன்று கூடிய குழுதான் நிலைத்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று ஏறக்குறைய 150 நாடுகளில் இருக்கிற இந்த அமைப்பு. நம் கிளப்பிலும் நல்ல தலைவர் வாய்த்த வருடம் கூட்டம் ஐந்தரைக்குத் தொடங்கும், அடுத்த வருடம் ஆறுக்குத் தொடங்கும். ஆளுக்கு ஆள் மாறாத ஏற்பாடாக இதை ஆக்க வேண்டும் என்றால், உங்கள் ஏழு பேருக்கும் முதல் மாதம்தான் நேரம். பழக்கம் இறுகிய பிறகு மாற்றுவது கடினம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நான் ஜவுளிக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்ப்பவள். எனக்குக் கணக்காகப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

நம்முடைய கூட்டம் 90 நிமிடம். மூன்று பேச்சுக்கு ஏழு ஏழு நிமிடமாக 21. மூன்று மதிப்பீட்டுக்கு மும்மூன்றாக 9. கொடுத்த தலைப்பில் தயாரிப்பில்லாமல் பேசுகிற டேபிள் டாபிக்ஸுக்கு 20. பொறுப்பில் இருப்பவர்கள் தங்கள் வேலையை விளக்கவும், பேச்சில் பயன்படுத்தச் சொல்லும் அன்றைய சொல்லுக்கும், பேச்சாளர் அறிமுகத்துக்கும் 12. நேரம் பார்க்கும் டைமர், பேச்சில் தேவையில்லாமல் வருகிற ஒலிகளையும் சொற்களையும் எண்ணும் ஆ கவுண்டர், மொழியைக் கவனிக்கும் கிராமேரியன் ஆகியோரின் அறிக்கைக்கு 8. மொத்தக் கூட்டத்தையும் மதிப்பிடும் பொது மதிப்பீட்டாளருக்கு 4. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் 6. கூட்டினால் 80. ஆக நம் கையில் இருக்கிற உபரி 10 நிமிடம். அன்று தாமதம் 15, பொன்னாடைக்கு 22, இரண்டும் சேர்ந்து 37. உபரியைக் கழித்தாலும் 27 நிமிடத்தை வேறு எங்கேயிருந்தோ எடுத்தாக வேண்டும்.

எங்கேயிருந்து எடுத்தோம்? பேச்சாளர்களிடமிருந்து எடுக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கிறவரை எப்படி நிறுத்துவது? டேபிள் டாபிக்ஸில் இரண்டு பேரோடு முடித்துக்கொண்டோம். மதிப்பீட்டை ஒரு நிமிடத்துக்குள் அடக்கினோம். அறிக்கைகளை விட்டுவிட்டோம். கூட்டத்தின் முதல் பாதியில் யார் எவ்வளவு தாமதம் செய்தாலும் அதற்கான செலவு முழுவதும் இரண்டாம் பாதியின் தலையில்தான் விழுகிறது. மதிப்பீடு இருப்பது அங்கேதான். ஒன்பது வருடத்தில் நேரம் போதவில்லை என்று வரவேற்புரையைக் குறைத்ததை நான் பார்த்ததே இல்லை. மதிப்பீட்டைக் குறைத்ததை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

ஆகவே என் முதல் கோரிக்கை. நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும்போது மதிப்பீட்டு நேரத்தை முதலில் எழுதி, அதற்குப் பிறகு மற்றதை எழுதுங்கள். 6:25க்கு மதிப்பீடு என்று போட்டால் 6:25க்கு மதிப்பீடு. அந்த நேரம் வந்தும் வேறு ஏதாவது நடந்துகொண்டிருந்தால், அது எதுவாக இருந்தாலும் அங்கேயே நிற்கட்டும். விருந்தினருக்கு மரியாதை செய்ய வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கூட்டம் முடிந்ததும் டீ குடிக்கும்போது பொன்னாடை போர்த்தலாம். போட்டோவும் அவசரமில்லாமல் எடுக்கலாம். நாம் வந்த வேலை நடப்பதை முழுதாகப் பார்க்க வைப்பதும் விருந்தினருக்குச் செய்கிற மரியாதைதான்.

ஐந்தரை என்றால் ஐந்தரை. நாலு பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றாலும் தொடங்குங்கள். நேரத்துக்கு வந்த நாலு பேரை உட்கார வைத்து, வராதவர்களுக்காகக் காத்திருந்தால், அடுத்த முறை அந்த நாலு பேரும் மெதுவாகத்தான் வருவார்கள். இரண்டே கூட்டம் கறாராகத் தொடங்கிப் பாருங்கள், மூன்றாவது கூட்டத்தில் நாற்காலி தானாக நிறையும்.

இதில் பெண்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. இந்த அமைப்பில் 1973 வரை பெண்கள் உறுப்பினராகவே சேர முடியாது. அதற்கு முன்னால் 1970இல் ஹெலன் பிளான்சார்ட் என்பவரை ஹோமர் என்று ஆண் பெயரில் பதிவு செய்துதான் சேர்த்தார்கள். 1985இல் அவரே இந்த அமைப்பின் முதல் பெண் உலகத் தலைவர் ஆனார். இன்று விதியில் தடை ஏதும் கிடையாது. ஆனால் வாட்ச்மேன் அண்ணன் பொறுத்துக்கொள்கிற நாட்களில் கூட்டம் ஏழரை வரை போகிறது. உக்கடம் போய் பொள்ளாச்சி பஸ் பிடிக்க வேண்டிய பெண் ஏழு மணிக்கு எழுந்துதான் ஆக வேண்டும். அவள் பேசிய பேச்சின் மதிப்பீடு அவள் இல்லாமல் நடக்கிறது. போன வருடம் இப்படி இரண்டு முறை நடந்தது. ஒரு முறை மதிப்பீட்டாளர் காலி நாற்காலியைப் பார்த்தே பேசி முடித்தார்.

அடுத்து, மதிப்பீடு எப்படி இருக்க வேண்டும் என்பது. இதில்தான் நான் கொஞ்சம் அதிகம் பேசப் போகிறேன்.

என் முதல் பேச்சை மதிப்பிட்டவர் ஓய்வு பெற்ற ஒரு வங்கி அதிகாரி. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் போன் செய்தார். "எதைக் கவனிக்கணும்னு சொல்லும்மா, அதை மட்டும் பாக்கறேன்" என்றார். யாராவது என்னிடம் இப்படிக் கேட்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் முறை. "நிமிர்ந்து பாக்க முடியல சார்" என்று சொன்னேன். பேச்சன்று நான் நான்கு நிமிடத்தைக்கூட எட்டவில்லை. குறைந்தபட்ச நேரம் ஆனதும் டைமர் காட்டுகிற பச்சை அட்டையே எழவில்லை. அவர் எழுந்து வந்து முதலில் என் பேச்சில் இருந்த ஒரு வரியை அப்படியே திருப்பிச் சொன்னார். அது ஏன் தனக்குப் பிடித்தது என்றார். பிறகு சொன்னார்: "நீங்க 'எங்க அம்மா'ன்னு மூணு இடத்துல சொன்னீங்க. மூணு தடவையும் தரையைப் பாத்தீங்க. மத்ததெல்லாம் தரையைப் பாத்தே பேசுங்க, பரவாயில்ல. அடுத்த தடவை அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் யாராவது ஒருத்தரைப் பாருங்க."

அவ்வளவுதான். ஒரே ஒரு வேலை கொடுத்தார். செய்யக்கூடிய வேலை. இரண்டாவது பேச்சில் அந்த ஒரு வார்த்தைக்கு நிமிர்ந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். அதற்குப் பிறகு தலை குனியவில்லை. இன்று ஆடிட்டர்கள் முன்னால் எழுந்து நின்று, "இந்த எண்ட்ரி சரியில்லை சார்" என்று சொல்கிற தைரியம் எனக்கு அங்கேயிருந்துதான் வந்தது.

இப்போது நம் கிளப்பில் கேட்கிற மதிப்பீடுகளை நினைத்துப் பாருங்கள். முதலில் ஒரு பாராட்டு, நடுவில் ஒரு குறை, கடைசியில் ஒரு பாராட்டு. சாண்ட்விச் முறை என்று சொல்லிக் கொடுக்கிறோம். முறை நல்ல முறைதான். ஆனால் ரொட்டி மட்டும் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. "கை அசைவு நன்று, குரல் ஏற்ற இறக்கம் நன்று, இன்னும் கொஞ்சம் கண் பார்க்கலாம்." இதை எந்தப் பேச்சுக்கும் சொல்லலாம். பேச்சைக் கேட்காமலே சொல்லலாம். பேசியவருக்கும் அது தெரிந்துவிடும். அந்தத் தம்பிக்குத் தெரிந்த மாதிரி.

நம்மவர்களுக்கு முகத்துக்கு நேரே குறை சொல்லத் தயக்கம். வயதில் பெரியவர் பேசியிருந்தால் இன்னும் தயக்கம். "அவர் எவ்வளவு பெரிய ஆள், நான் எப்படிச் சொல்றது" என்று என்னிடமே பலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது புரிகிறது. ஆனால் அந்தப் பெரியவர் வெளியே எங்கும் கிடைக்காத ஒன்றுக்காகத்தான் இங்கே வருகிறார். அவர் அலுவலகத்தில் அவருக்கு யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். நாமும் சொல்லாவிட்டால் எங்கே போவார்?

கல்வித் துணைத் தலைவர் பொறுப்பை எடுக்கும் தங்கைக்கு என் வேண்டுகோள் இது. முதல் மூன்று பேச்சுக்குள் இருக்கிற உறுப்பினருக்கு மதிப்பீட்டாளராக அனுபவம் உள்ளவரை மட்டும் போடுங்கள். நாம் இப்போது செய்வது தலைகீழாக இருக்கிறது. மாவட்ட அளவில் பரிசு வாங்கியவர் பேசினால் நம்மிடம் உள்ள மிகச் சிறந்த மதிப்பீட்டாளரைப் போடுகிறோம். முதல் பேச்சுக்கு யார் காலியாக இருக்கிறாரோ அவரைப் போடுகிறோம். அப்புறம், மதிப்பீட்டாளர் இரண்டு நாள் முன்பே பேச்சாளருக்குப் போன் செய்தாரா என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டாலே போதும், கேட்கிறார்கள் என்று தெரிந்தால் செய்வார்கள்.

ஜூன் மாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளப் ஆண்டு ஜூன் 30இல் முடிவதால், தலைமையகம் கிளப்களுக்கு வைக்கிற பத்து இலக்கில் எத்தனையை எட்டினோம் என்ற கணக்கு மே மாதமே நம்மைப் பிடித்துக்கொள்கிறது. பத்தில் ஆறு, உறுப்பினர்கள் பாடத்திட்டத்தில் நிலைகளை முடிப்பதற்கானவை. அதனால் ஜூன் கடைசி வாரத்தில் சிறப்புக் கூட்டம், ஒரே நாளில் ஆறு பேச்சு, ஏழு பேச்சு. இந்த ஜூனில் ஒரு நண்பர் எட்டு நாளில் மூன்று பேச்சுப் பேசினார். கிளப்புக்காகச் செய்தார், அவர் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் முதல் பேச்சில் சொன்ன குறையைச் சரிசெய்ய அவருக்கு அவகாசமே இல்லை. மூன்று பேச்சிலும் அதே குறை இருந்தது. மூன்று மதிப்பீட்டாளரும் அதையே சொன்னார்கள். இலக்கை எட்டியதற்காகக் கிளப் பதாகையில் ஒட்டுகிற பட்டி நமக்கு வந்துவிடும், சந்தோஷம். ஆனால் அந்தப் பத்து இலக்கில் எதுவும், புதிதாக வந்தவருக்கு உருப்படியான மதிப்பீடு கிடைத்ததா என்று கேட்பதில்லை. அதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். நிலைகளை ஜூலையிலிருந்தே மாதத்துக்கு இத்தனை என்று பிரித்துக்கொண்டால் ஜூனில் மூச்சு விடலாம்.

ஆ கவுண்டர் வேலையைப் பற்றி ஒன்று. நம் வாயில் ஆ, ம் என்று வருவதைவிட "வந்து", "அதாவது", "பாத்தீங்கன்னா", "ஆக்சுவலி", "ஸோ" என்பவைதான் அதிகம். இவற்றை எண்ணிச் சொல்வது நல்லது. எனக்கு "பாத்தீங்கன்னா" ஒரே பேச்சில் 19 முறை வந்ததை ஒருவர் எண்ணிச் சொன்ன பிறகுதான் அப்படி ஒரு வார்த்தை என் வாயில் இருப்பதே எனக்குத் தெரிந்தது. ஆனால் முதல் பேச்சுப் பேசியவரின் பெயரையும் எண்ணிக்கையையும் எல்லார் முன்னாலும் வாசித்து அரங்கம் சிரிப்பது வேண்டாம். அவருக்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும்.

அதே மாதிரி டேபிள் டாபிக்ஸில் முதல் முறை வந்த விருந்தினரைத் திடீரென்று பெயர் சொல்லி அழைக்காதீர்கள். வாசலில் வரவேற்கும்போதே, "இன்னைக்கு ஒரு நிமிஷம் பேசறீங்களா, இல்ல சும்மா பாத்துட்டுப் போறீங்களா?" என்று சார்ஜண்ட் அட் ஆர்ம்ஸ் கேட்டுவிடலாம். சும்மா பார்க்கிறேன் என்பவர் பார்க்கட்டும். நானும் மூன்று கூட்டம் சும்மா பார்த்துவிட்டுத்தான் சேர்ந்தேன்.

மொழி விஷயம் கொஞ்சம் பெரியது. நம் கிளப் ஆங்கிலத்தில் நடக்கிறது. ஆங்கிலம் பழகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் மேடை பயமும் ஆங்கில பயமும் வேறு வேறு. இரண்டையும் ஒரே நாளில் ஒருவர் தலையில் ஏற்றினால், எது அவரைத் தடுக்கிறது என்று மதிப்பீட்டாளருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அந்தத் தம்பி பாதி ஆங்கிலத்தில் தொடங்கினார். சைக்கிள் கடை வந்ததும் தன்னை அறியாமல் தமிழுக்கு வந்துவிட்டார். குமிழி வாக்கியம் தமிழில் வந்ததுதான். கிராமேரியன் அறிக்கைக்கு அன்று நேரம் இருந்திருந்தால் அது குறையாகக் குறிக்கப்பட்டிருக்கும். உலகம் முழுவதும் இரண்டு மொழியில் நடக்கிற கிளப்கள் இருக்கின்றன. தமிழில் மட்டுமே நடக்கிற கிளப்களும் இருக்கின்றன. பாடத்திட்டம் தமிழிலும் கிடைக்கிறது. விருப்பப்பட்டவர் முதல் இரண்டு பேச்சைத் தமிழில் பேசலாம், மதிப்பீடும் தமிழிலேயே இருக்கும் என்று ஒரு தீர்மானம் போடுங்கள். தமிழில் நின்று பேசிப் பழகிய கால்கள் ஆங்கிலத்திலும் நடுங்காது. என் கால்கள் அப்படித்தான் நின்றன.

பொறுப்புகளைச் சுற்றி விடுவது பற்றி நீண்ட நேரம் சொல்லத் தேவையில்லை. டைமர் வேலை ஒரே ஆளுக்கு வருடக்கணக்கில் போகிறது, பொது மதிப்பீட்டாளர் வேலை நாலு பேருக்குள்ளேயே சுற்றுகிறது. உங்களுக்கே தெரியும்.

நான் சொன்னதில் கடுமையாக ஏதாவது இருந்தால், இந்த கிளப் எனக்குக் கொடுத்ததை நினைத்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்களில் யாரும் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அலுவலகம் முடிந்து, வீட்டில் பதில் சொல்லி, சொந்த பெட்ரோலில் வந்து நாற்காலி போடுகிறவர்கள் நீங்கள். அந்த மார்ச் மாதக் கூட்டத்தில் நானும் ஏழு பேர் அளவுக்குக் கைதட்டினேன். வாட்ச்மேன் அண்ணனிடம் போய் ஐந்து நிமிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்த மதிப்பீட்டாளரிடம் போன வாரம் பேசினேன். அன்று எழுதிய இரண்டு பக்கமும் இன்னும் அவரிடம் இருக்கிறது. குமிழி வாக்கியத்தைப் பற்றி அவரும் குறித்து வைத்திருக்கிறார், கீழே கோடு போட்டு. அதைப் போட்டோ எடுத்து அந்தத் தம்பிக்கு அனுப்பினோம். அன்று ராத்திரி பத்தரைக்கு அவரிடமிருந்து பதில் வந்தது: "கடைசி வரிசைக்குக் கேக்கலைங்களா?"

ஜூலை முதல் கூட்டத்துக்கு டைமராக என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்று அட்டையும் என் பையில்தான் இருக்கின்றன. ஐந்தேகாலுக்கு வந்து நாற்காலி போடவும் கூட நிற்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சக உறுப்பினர்